இருபத்தேழாம் எண் வீட்டின் தரை

1996 நவம்பர் 14 — 1,500
2001 டிசம்பர் 3 — 2,000
2005 அக்டோபர் 28 — 4,000
2010 நவம்பர் 9 — 5,000
2014 நவம்பர் 20 — 7,500
2018 டிசம்பர் 6 — 10,000

மேலே உள்ளவை பம்ப் அறைத் தெருவின் இருபத்தேழாம் எண் வீட்டுக்கு வெள்ள நிவாரணமாகக் கொடுக்கப்பட்ட தொகைகள். நாள் என்பது பணம் கைக்குப் போன நாள். வெள்ளம் வந்த நாள் அல்ல. ஆறு முறையும் கையெழுத்திட்டு வாங்கியவர் ஒரே ஆள், அந்த வீட்டுத் தையல்காரம்மா. அந்த ஆண்டுகளில் நிவாரணப் பதிவேட்டை எழுதியவன் நான்.

தெருவுக்கு ஒரு பக்கம் ஆற்றின் கரை, மறுபக்கம் ரயில் பாதையின் மேடு. நடுவில் முப்பத்தொன்பது வீடுகள், தட்டின் அடியில் ஒட்டிய பருக்கைகளைப் போல. மழைக்காலத்தில் ஆறு தெருவைவிட உயரத்தில் ஓடும். அதனால் தெருவில் பெய்த மழை தானாக ஆற்றுக்குப் போகாது. தெருக்கோடியில் உள்ள பம்ப் அதை இறைத்துக் கரைக்கு அப்பால் கொட்ட வேண்டும். பம்ப் ஓடினால் அது தெரு, நின்றால் குளம். ஓடியும் போதாமல் போன ஆறு வருடங்களைத்தான் மேலே கொடுத்திருக்கிறேன்.

தையல்காரம்மா பள்ளிச் சீருடைகளும் திரைச்சீலைகளும் தைப்பார். உயரம் ஐந்தடி ஓரங்குலம். கழுத்தில் அளவு நாடா எப்போதும் தொங்கும். கடைக்குப் போகும்போதும் அதைக் கழற்ற மறந்துவிடுவார். கணவர் குளிர்பதனக் கிடங்கில் மூட்டை ஏற்றி, முழங்கால் தேய்ந்து, வேலையை விட்டவர். உயரம் ஆறடி, உடம்பில் சதை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. தெருவே அவரை ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிட்டது. அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

நிவாரணப் பணம் வந்தால் தெருவில் ஒருவர் கடனை அடைப்பார், ஒருவர் மிதிவண்டி வாங்குவார். தையல்காரம்மா மட்டும் ஒவ்வொரு முறையும் செங்கல் ஜல்லியும் மணலும் சிமெண்டும் வாங்கி, வீட்டின் தரையை நாலு அங்குலம் உயர்த்தினார். முன்னறை, பின்னறை, சமையலறை மூன்றையும். "அடுத்த தடவ வந்தா வாசல்லயே நின்னுட்டுப் போகட்டும்" என்பார். அடுத்த முறை தண்ணீர் வாசலில் நிற்காது, உள்ளே வரும். மறுபடி நாலு அங்குலம். ஆறு முறைக்கு இருபத்து நாலு அங்குலம்.

தரை ஏறியதே தவிர, கூரை இருந்த இடத்தில்தான் இருந்தது. நூற்றுப்பத்து அங்குலம் இருந்த அறை எண்பத்தாறானது. மூன்றாவது உயர்த்தலுக்குப் பிறகு மின்விசிறியைக் கழற்றினார்கள். நாலாவதில் வாசல் நிலைகளின் மேற்கட்டையை ஓர் அடி மேலே ஏற்றிக் கட்டினார்கள். அப்படியும் ஒட்டடைக்குச்சி ஒவ்வொரு வாசலிலும் குனிந்துதான் போக வேண்டும். பதினைந்து வருடம் குனிந்து பழகியதில், வெளியே சந்தையில் நடக்கும்போதும் பந்தல் எதையாவது கண்டால் அவர் தலை தானாகத் தாழும்.

பக்கத்து இருபத்தாறாம் எண் வீட்டில் பஸ் கண்டக்டர். அவர் 2014-இல் வந்த பணத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினார்.

"அக்கா, நாங்க டிவி பாக்குறோம். நீங்க தரையப் பாத்துக்கிட்டு ஒக்காருங்க" என்று சுவருக்கு மேலாகச் சொல்வார்.

"தண்ணி வந்தா உன் டிவி மெதக்கும் தம்பி. என் தரை மெதக்காது."

2018-இல் அந்தத் தொலைக்காட்சிப் பெட்டி மிதந்தது. ஐந்து முறை உயர்த்திய தையல்காரம்மாவின் தரைமேலும் இரண்டு விரல் தண்ணீர் நின்றது. அதனால்தான் ஆறாவது முறை உயர்த்தினார்.

2023 மார்ச் 9 அன்று அளவை எடுக்க ஆட்கள் வந்தார்கள். அரசு புதிய திட்டம் ஒன்றை முடிவு செய்திருந்தது. ஆற்றை ஒட்டிய பழைய கரையை இனி உயர்த்திக்கொண்டே போவதில்லை. ரயில் மேட்டை ஒட்டிப் புதிய கரை கட்டி, இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலத்தை ஆற்றுக்கே விட்டுவிடுவது. பெருவெள்ளத்தில் தண்ணீர் அங்கே பரவித் தங்கும். ரயில் பாதைக்கு அப்பால் உள்ள ஊர் தப்பிக்கும். அந்த நிலத்தில் இருந்த ஒரே தெரு இதுதான். எந்த வீட்டின் தரை, வெள்ளத்தடுப்பு அலுவலகம் உயரங்களை அளக்கத் தொடங்கும் பூஜ்யக் குறிக்கு மேல் இரண்டரை மீட்டர் உயரத்துக்கும் கீழே இருக்கிறதோ, அந்த வீட்டுக்கு மேட்டுப் பகுதியில் மாற்று வீடு. அதற்கு மேலே இருந்தால் ஆபத்து குறைவு, அங்கேயே இருக்கலாம். நல்ல திட்டம்தான், எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அளவையாளர் வருவதற்கு முன் தையல்காரம்மா தரையைத் துடைத்து வைத்திருந்தார். அளவையாளர் அளவுகோலை முன்னறையின் நடுவில் நிறுத்தினார். வெளியே கருவிக்குப் பின்னால் இருந்த உதவியாள் எண்ணைச் சொன்னார்.

"தரைய நல்லா ஒசத்தி வச்சிருக்கீங்கம்மா" என்றார் அளவையாளர்.

"ஆறு தடவ" என்று ஒட்டடைக்குச்சி பெருமையாகச் சொன்னார். "கூலி போகக் கணக்குப் பாத்தா இந்தத் தெருவுலயே வெல ஒசந்த தரை இதான்."

தையல்காரம்மா அளவையாளருக்குத் தேநீர் கொடுத்தார். அவர் குறித்துக்கொண்ட எண் 2.73.

மே 17 அன்று பம்ப் அறைச் சுவரில் பட்டியல் ஒட்டப்பட்டது. முப்பத்தெட்டு வீடுகள் இருந்தன. இருபத்தாறுக்கு அடுத்தது இருபத்தெட்டு. தையல்காரம்மா விரலை வைத்து மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் படித்தார். கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் மட்டும் மனதில் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னார்: "கடைசி மூணு தடவ வாங்கின காசுக்கு எங்கள மாதிரி எதையாவது வாங்கித் தொலச்சிருந்தா, நீங்களும் உள்ள இருப்பீங்கக்கா."

"வாய மூடு தம்பி" என்றார் தையல்காரம்மா. ஆனால் கண்டக்டரின் கணக்கு சரி.

பட்டியலின் அடியில் இன்னொரு வரி இருந்தது. வீடுகள் காலி செய்யப்படும். அக்டோபர் 15 முதல் பம்ப் நிறுத்தப்படும். மழை தொடங்குவதும் அந்த வாரத்தில்தான்.

பட்டியலில் பெயர் வரவில்லை என்பதைவிட இந்த வரிதான் அவரைப் பிடித்துக்கொண்டது. பம்ப் ஓடியபோதே 2018-இல் தண்ணீர் எங்கே வந்தது என்று அவருக்குத் தெரியும். பம்ப் இல்லாமல், பக்கத்தில் ஆளும் இல்லாமல், ஆற்றுக்கு விட்ட நிலத்தில் ஒரே வீடாக இருப்பது எப்படி என்று யாருக்கும் தெரியாது. விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை. மகள் வீடு இரண்டு அறை, ஏற்கெனவே ஆறு பேர்.

மே 24 அன்று முதல் மனு. ஜூன் 21 அன்று பதில்: தங்கள் வீட்டின் தரைமட்டம் 2.73 என்பதால் தகுதி இல்லை. ஜூலை 3 அன்று இரண்டாவது மனு. அதனுடன் நிவாரணப் பதிவேட்டின் ஆறு பக்கங்களுக்குச் சான்றிட்ட நகல் வாங்கி இணைத்தார். ஓய்வு பெற்றிருந்தாலும், எந்த அலமாரியில் எந்தப் பதிவேடு என்று சொல்ல என்னால் முடிந்தது. ஜூலை 19 அன்று அவரையே நேரில் வரச் சொன்னார்கள்.

உதவிப் பொறியாளர் நடுத்தர வயதுப் பெண். மேசைமேல் வரைபடம் விரித்திருந்தது. அதில் தெரு ஒரு நகக்கீறல் அளவுதான்.

"நகலெல்லாம் பாத்தேன்மா. இதுல எவ்வளவு பணம் வாங்கினீங்கன்னு இருக்கு. தரைய எவ்வளவு ஒசத்தினீங்கன்னு எங்கயும் இல்ல."

அது உண்மை. பதிவேட்டில் அப்படி ஒரு கட்டம் கிடையாது.

"மொதல்ல தரை எங்க இருந்துச்சுன்னு பக்கத்து வீட்டப் பாத்தாத் தெரியாதா மேடம்? ஒரே நாள்ல கட்டின வீடுங்க."

"பக்கத்து வீட்ட அளந்து உங்க வீட்டுக்கு எழுத முடியாதும்மா. எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும். இருக்குற பணத்துக்கு இத்தன வீடுதான்."

"கோடு போடுங்க மேடம். நானும் துணில கோடு போட்டுத்தான் வெட்டுறேன். ஆனா ஆள நிக்க வச்சு அளவெடுத்துட்டுத்தான் போடுவேன். கட்டைமேல ஏறி நிக்கிறவளுக்குக் கட்டையையும் சேத்து அளக்க மாட்டேன்."

பொறியாளர் சிரித்துவிட்டார். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்துத் தேடினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு வரியை நிதானமாகப் படித்தார்: தரைமட்டம் என்பது ஆட்கள் வசிக்கும் அறைகளில் மிகத் தாழ்ந்த அறையின் தரை.

"ஒரு அறை தாழ இருந்தாப் போதுமா?"

"அப்படி ஒரு அறை இருந்தா, ஆள் வசிச்சா, மறு அளவைக்கு எழுதிக் குடுக்கலாம். ஆகஸ்ட் முப்பத்தொண்ணு கடைசி நாள்." பொறியாளர் புத்தகத்தை மூடினார். "நான் உங்கள எதையும் ஒடைக்கச் சொல்லலம்மா. அத ஞாபகம் வச்சுக்கங்க."

வீட்டுக்கு வந்து தையல்காரம்மா சொன்னதைக் கேட்ட ஒட்டடைக்குச்சி, தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"இருபத்திரெண்டு வருஷம் போட்ட தரைய ஒடைக்கிறதா?"

"பின்னறைய மட்டும்."

"ஒடச்ச பின்னாடி அவங்க இல்லன்னுட்டா? அந்தக் குழியில தண்ணி நிக்கும். செவுரு ஊறும். செவுரு போனா கூரை போகும். இப்ப அட்லீஸ்ட் மேடாவது மிச்சம் இருக்கு."

"இருக்குங்க. மேட்டுமேல நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கோம். சுத்தித் தண்ணி."

அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தையல்காரம்மா அந்த நாட்களில் ஒரே சட்டைக்கு இரண்டு முறை கை வைத்துத் தைத்துப் பிரித்தார். பத்தாம் நாள் காலை, ஒட்டடைக்குச்சி கடப்பாரையைக் கடன் வாங்கிவந்து பின்னறை வாசலில் சாத்தினார். "என்ன பாக்குற. மிஷினை நகத்து" என்றார்.

ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 3 வரை ஆறு நாள் உடைத்தார்கள். முழங்காலுக்காக அவர் முக்காலியில் உட்கார்ந்து குத்துவார். அவர் குத்திய கட்டிகளைத் தையல்காரம்மா கூடையில் வாரி வெளியே கொட்டுவார். ஒவ்வொரு அடுக்கும் ஒரு நிறம். மேலே பழைய சாமான் கடையிலிருந்து வாங்கிய நீல ஓடுகள், அடுத்தது வெறும் சிமெண்ட், அதன் கீழே பச்சைச் சாயம் கலந்த சிமெண்ட் பால் ஊற்றிய தரை. கடைசியில் முதல் தரையின் சிவப்பு. கண்டக்டர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கேலி எதுவும் சொல்லாமல், தன் வீட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வந்து ஒரு நாள் முழுக்க அள்ளிக் கொட்டினார்.

சிவப்புத் தரை ஈரமாக இருந்தது. மறுநாள் அதன்மேல் அரை அங்குலம் தண்ணீர் நின்றது. மழை இல்லை. நிலத்தடியிலிருந்து ஊறியது. தினமும் காலையில் துணியால் ஒற்றிப் பிழிய வேண்டியிருந்தது. வசிக்கும் அறை என்று காட்டக் கட்டிலைச் செங்கல்மேல் ஏற்றிப் போட்டார்கள். தையல் இயந்திரமும் திரும்ப அங்கேயே வந்தது. அம்மா முன்னறையிலிருந்து இரண்டு படி இறங்கி வேலைக்குப் போவார். ஒட்டடைக்குச்சி முதல் நாள் அங்கே இறங்கி நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கி, காற்றில் துழாவினார்.

"நிமிந்து நிக்கிறேன் பாரு" என்றார். "இதுக்கே ஒடச்சிருக்கலாம்."

ஆகஸ்ட் 28, திங்கட்கிழமை, மறு அளவை. பழைய அளவையாளரே வந்தார். படியில் இறங்கி, ஈரத்தைப் பார்த்து, கட்டிலையும் இயந்திரத்தையும் பார்த்து, அளவுகோலை நிறுத்தினார். எண் 2.12. பிறகு படிவத்தில் குறிப்பு என்ற கட்டத்தில் எழுதத் தொடங்கினார். சட்டைத்துணியில் தலைகீழாக அளவுக் குறி படித்துப் பழகிய தையல்காரம்மா, அதையும் தலைகீழாகப் படித்துவிட்டார்: தரை அண்மையில் உடைத்துத் தாழ்த்தப்பட்டுள்ளது.

"அத எழுதினா என்ன ஆகும் சார்?"

"தெரியாதும்மா. நான் பாத்தத எழுதணும்."

"எழுதுங்க. எழுத வேணாம்னு சொல்லல." தையல்காரம்மா வாசல் நிலையைக் காட்டினார். "ஆனா பாதியப் பாத்துட்டுப் பாதிய எழுதுறீங்க. நெலையோட கால் எங்க நிக்குதுன்னு பாருங்க."

அளவையாளர் குனிந்தார். மேற்கட்டையை ஏற்றிக் கட்டியபோது வாசல் நிலையின் பக்கக் கட்டைகளின் அடிப்பகுதியை யாரும் தொடவில்லை. அவற்றின் கால்கள் உடைத்த அடுக்குகளின் ஊடாகக் கீழே இறங்கி, சிவப்புத் தரையில் பதிந்து நின்றன. அவர் தரையைச் சுரண்டிப் பார்த்தார். சுவரின் பழைய பூச்சு அந்தச் சிவப்போடு வந்து முடிவதைத் தடவிப் பார்த்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். எழுந்து, பேனாவை உதறி, தான் எழுதியதன் கீழே இன்னொரு வரி எழுதினார்: எனினும் இதுவே கட்டிடத்தின் முதல் தரை எனத் தெரிகிறது, வாசல் நிலை இதன்மேல் நிற்கிறது.

"ரெண்டையும் எழுதிட்டேன். எதப் படிப்பாங்கன்னு நான் சொல்ல முடியாது" என்றார். அன்றைக்குத் தேநீர் வேண்டாம் என்றுவிட்டார்.

செப்டம்பரில் தெரு காலியானது. ஒரு வீடு காலியானதும் மறுவாரமே இடிக்கும் இயந்திரம் வரும். கண்டக்டர் செப்டம்பர் 22 அன்று போனார். லாரியில் ஏறும் முன், புது வீட்டு முகவரியை ஒரு பயணச்சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்து, "தண்ணி ஏறுனா வந்துருங்கக்கா. வீம்பு புடிக்காதீங்க" என்றார். இருபத்தாறாம் எண் வீடு 29-ஆம் தேதி தரைமட்டமானது. இருபத்தேழின் ஒரு பக்கச் சுவர் முதன்முறையாக வெயிலைப் பார்த்தது.

செப்டம்பரில் ஒரு கடிதம் வந்தது: மறு அளவை அறிக்கை பரிசீலனையில் உள்ளது. அக்டோபர் 9 அன்று தையல்காரம்மா அலுவலகத்துக்குப் போனார். பொறியாளர் வெளியூர் ஆய்வில் இருந்தார். கோப்பு மேலிடத்துக்குப் போயிருப்பதாக எழுத்தர் சொன்னார். அக்டோபர் 15 பகல் பன்னிரண்டு மணிக்குப் பம்ப் நின்றது. இருபத்தேழு வருடம் கேட்டுப் பழகிய இரைச்சல் திடீரென்று இல்லாமல் போனதும், இருவரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். பம்ப் அறையைப் பூட்டிய ஆள் இந்தப் பக்கம் பார்க்காமல் போனார்.

மறுநாள் மழை பிடித்தது. பின்னறைச் சுவரில் அம்மா தன் அளவு நாடாவை ஆணியடித்துத் தொங்கவிட்டார். படித்த அளவைத் தையல் சுண்ணத்தால் பக்கத்தில் எழுதினார். அதை நான் பிறகு பார்த்துப் பிரதி எடுத்தேன். அக்டோபர் 16 மதியம் 7 அங்குலம். 17 காலை 13, மாலை 16. இயந்திரத்தை முன்னறைக்குத் தூக்கினார்கள். கட்டில் நின்ற செங்கல் மறைந்தது. 18 காலை 19½. முன்னறைத் தரை இருபத்து நாலில் இருந்தது.

"பொண்ணு வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் ஒட்டடைக்குச்சி.

"போனா ஆள் இல்லாத வீடுன்னு எழுதிருவாங்க. வசிக்கணும்னு இருக்கு."

"செத்தா வசிச்ச மாதிரி கணக்கா?"

"இருபத்து மூணுக்கு வந்தா போலாம்."

"இருபத்து ரெண்டு."

"சரி, இருபத்து ரெண்டு."

ஒரு பெட்டியில் துணியும், ஒரு பையில் எல்லாக் கடிதங்களும் தயாராக இருந்தன. பின்னறை வாசலில் உட்கார்ந்து மாறி மாறி நாடாவைப் பார்த்தார்கள். வெளிச் சுவரின் அடிப்பூச்சு உப்பி, கைப்பிடி அளவுக்கு உதிர்ந்தது. 18 மாலை 21. 19 காலை 21½. அவர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அம்மா, "இன்னும் அரை இருக்கு" என்றார். பெட்டியை இறக்காமலேயே அவர் குனிந்து நின்றார்.

தபால்காரர் அப்போதுதான் வந்தார். கால்சட்டையைத் தொடைவரை சுருட்டி, இடித்த வீடுகளின் கற்குவியல்மேல் ஏறி ஏறி இறங்கி வந்திருந்தார்.

"நேத்தே வந்தது. தண்ணியப் பாத்துட்டுத் திரும்பிட்டேன். ரிஜிஸ்டர் தபால், கையெழுத்து போடணும்."

அம்மா உறையைத் தானே பிரிக்கவில்லை, கணவரிடம் நீட்டினார். அவர் பெட்டியை இறக்கிவைத்துப் படித்தார். மூன்றே வரி. இருபத்தேழாம் எண் வீடு, மறு அளவையின் இரண்டாவது குறிப்பின் அடிப்படையில், பட்டியலில் முப்பத்தொன்பதாவதாகச் சேர்க்கப்படுகிறது. மாற்று வீடு தயாராகும்வரை தற்காலிகக் குடியிருப்பில் அறை ஒதுக்கப்படுகிறது. அறை, இக்கடிதம் கிடைத்த நாளிலிருந்து வழங்கப்படும்.

"இன்னொரு தடவ படிங்க" என்றார் அம்மா. அவர் படித்தார்.

"எண் இருபத்தேழுன்னுதானே போட்டிருக்கு?"

"இருபத்தேழுதான்."

தபால்காரர் ஒப்புகை அட்டையை நீட்டினார். "கையெழுத்துக்குக் கீழ தேதியையும் போடுங்கம்மா. அதுலேருந்துதான் கணக்கு."

தையல்காரம்மா கையைத் துண்டில் துடைத்துவிட்டு, கையெழுத்திட்டு, அதன் கீழே தேதியை எழுதினார்: 2023 அக்டோபர் 19.